பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு: வார்டு இன்சுலின் கற்றுக்கொண்ட வரலாறு

"மேடம், மலருக்கு நீங்க ஏதாவது எழுதியே ஆகணும். ஆனா ஹாஸ்டல் கலாட்டா மட்டும் வேண்டாம், அதை எல்லாரும் எழுதிட்டாங்க" என்று மலர்க்குழுவைச் சேர்ந்த தங்கைமார் கட்டளையிட்டு விட்டார்கள். நான் எழுதத் தெரிந்தவளல்ல. வார்டு தெரியும், ஊசி தெரியும். ஆகவே ஊசியைப் பற்றியே எழுதுகிறேன். அதிலும் இன்சுலின் ஊசி. அதை எப்படிப் போடுவது என்று நோயாளிக்குச் சொல்லிக்கொடுத்த கதை பல புத்தகங்களில் உண்டு. வார்டில் இருக்கும் நமக்கு அதை யார், எப்போது, எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கதையைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

என் வயதுத் தோழிகளுக்கு ஒரு வாசனையை நினைவூட்டினால் போதும். வார்டுக்குப் பக்கத்திலிருந்த சைடு ரூம், ஸ்பிரிட் விளக்கு, கருகிய பிடிகட்டை, சோதனைக் குழாய்கள் அடுக்கிய மரத் தாங்கி! காலை ஐந்தரை மணிக்கு நைட் டியூட்டி முடியும் தருவாயில் பதினைந்து இருபது சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரை வைத்துக்கொண்டு பெனடிக்ட் டெஸ்ட் செய்வோம். நீல நிற பெனடிக்ட் கரைசல் 5 மில்லி, சிறுநீர் 8 சொட்டு, கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பிறகு பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. பச்சையா மஞ்சளா என்று இரண்டு பேர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வாதாடுவோம். "இது பச்சைதான்டி." "இல்லக்கா, நல்லாப் பாருங்க, மஞ்சள் தட்டுது." அந்த வாதத்தில் ஐந்து யூனிட் இன்சுலின் கூடும், அல்லது குறையும். நிறத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒரு பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். அது வார்டுக்கு வார்டு மாறும், சீஃப் மாறினால் மாறும். ஏன் அந்த எண்ணிக்கை என்று நாங்களும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

இந்தக் கதை எங்கே தொடங்குகிறது? கனடாவின் டொரான்டோ நகரில், 1922 ஜனவரி 11 அன்று. லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதல் ஊசி. அந்த மருந்து கலங்கலாக, பழுப்பாக இருந்ததாம். சுத்தமில்லாததால் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது, பலனும் அதிகமில்லை. காலிப் என்ற உயிர்வேதியியலாளர் அதைச் சுத்திகரித்துக் கொடுத்த பிறகு, ஜனவரி 23 முதல் போட்ட ஊசிகள் வேலை செய்தன. பான்டிங், பெஸ்ட், மக்ளியாட் கதையை முதலாமாண்டிலேயே படித்திருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன்.

நமக்கு வேண்டியது 'யூனிட்' என்ற சொல்லின் பிறப்பு. கிராம், மில்லிகிராம் என்று அளக்க அப்போது வழியில்லை. மருந்து எவ்வளவு சுத்தம் என்றே தெரியாதபோது எடை போட்டு என்ன பயன்? ஆகவே முயலைக்கொண்டு அளந்தார்கள். பட்டினி போட்ட 2 கிலோ முயலின் ரத்தச் சர்க்கரையை, வலிப்பு வரும் 45 மில்லிகிராம் நிலைக்கு இறக்க எவ்வளவு மருந்து தேவையோ அதுதான் முதலில் ஒரு யூனிட். அது மனிதருக்கு மிகப் பெரிய அளவாக இருந்ததால் பிறகு அதில் மூன்றில் ஒரு பங்கை யூனிட் என்று வைத்தார்கள். யூனிட் என்ற அளவே சர்க்கரை தாழ்ந்துபோன ஒரு முயலின் வலிப்பிலிருந்து வந்தது! இதை மாணவிகளுக்குச் சொன்னால் அதன் பிறகு சிரிஞ்சைப் பிடிக்கும் கையில் ஒரு ஜாக்கிரதை வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் போஸ்டன் நகரில் எலியட் ஜாஸ்லின் என்ற டாக்டர் இருந்தார். இன்சுலின் வருவதற்கு முன்பே, 1918-இல், டாக்டரும் நோயாளியும் சேர்ந்து படிக்கும்படி ஒரு நீரிழிவுக் கையேடு எழுதியவர். அவர் 1922 ஆகஸ்ட் 7-ஆம் தேதி முதன்முதலாக இன்சுலின் போட்ட நோயாளி யார் தெரியுமா? எலிசபெத் மட்ஜ் என்ற ஒரு நர்ஸ். பட்டினி வைத்தியத்தில் எலும்பும் தோலுமாகிக் கிடந்தவர். நம் தொழிலுக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

ஜாஸ்லின் சீக்கிரமே ஒன்றைப் புரிந்துகொண்டார். இந்த மருந்து டாக்டரின் கையில் இல்லை, ஒரு நாளில் மூன்று நான்கு தடவை அதைப் போடுகிறவர் கையில் இருக்கிறது. ஆகவே தனியாக நர்ஸ்களைப் பயிற்றுவித்து நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். 'அலையும் நர்ஸ்கள்' என்று அவர்களுக்குப் பெயர். சமையலறை தராசில் உணவை நிறுப்பது, சிறுநீர் பார்ப்பது, ஊசி போடுவது எல்லாம் அவர்களே கற்றுக்கொடுத்தார்கள். உணவு, உடற்பயிற்சி, இன்சுலின் மூன்றும் மூன்று குதிரை பூட்டிய தேர் என்பது ஜாஸ்லினின் உவமை. ஒரு குதிரை மட்டும் ஓடினால் தேர் குடைசாயும். இன்று நாம் நீரிழிவுக் கல்வியாளர் என்று புதிதாகப் பட்டம் கொடுக்கும் வேலையை, அந்த அலையும் நர்ஸ்கள் நூறு வருஷத்துக்கு முன்பே செய்திருக்கிறார்கள்.

லண்டனில் ராபின் லாரன்ஸ் என்பவர் டாக்டர், அவரே நோயாளியும்கூட. சாகும் நாளை எதிர்பார்த்து இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரில் இருந்தவரை, 1923-இல் இன்சுலின் கிடைத்துவிட்டது என்ற தந்தி திரும்ப அழைத்தது. கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் பெரிய நீரிழிவுப் பிரிவை நடத்தினார். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸோடு சேர்ந்து 1934-இல் நோயாளிகளுக்கென்று சங்கம் கண்டார். நோயாளிக்குக் கல்வி என்பது இப்படி இரண்டு பக்கத்திலும் வேரூன்றி விட்டது.

ஆனால் வார்டு? அங்கேதான் சங்கடம். வீட்டில் தன் உடம்பைத் தானே கவனித்துக்கொள்ளத் தெரிந்த நோயாளி, கால் புண்ணுக்கோ பிரசவத்துக்கோ ஆஸ்பத்திரியில் படுத்தவுடன், அவருடைய ஊசி நம் கைக்கு வந்துவிடுகிறது. நாமோ அவரளவுக்குப் படித்தவர்களல்ல. "சிஸ்டர், நான் சாப்பிடறதுக்கு அரை மணி முன்னாடிதான் போட்டுக்குவேன்" என்று அவர் சொன்னால், "எங்களுக்குத் தெரியும் பெரியவரே, நீங்க படுங்க" என்று நாம் சொன்ன காலம் ஒன்று உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

வார்டுக்கென்று பிறந்ததுதான் அந்த நிறப் பட்டியல். ஸ்லைடிங் ஸ்கேல் என்று சொல்வோமே, அது 1930-களிலிருந்து வருவது. சர்க்கரை ஏறியிருந்தால் அதற்கேற்ப பிளெயின் இன்சுலின் போடு, இல்லையென்றால் போடாதே. கற்றுக்கொடுக்க சுலபம், ராத்திரி டாக்டரை எழுப்ப வேண்டாம். அதனாலேயே அது நிலைத்தது. ஆனால் அதில் இருந்த ஓட்டைகளைப் பாருங்கள். சிறுநீரில் தெரியும் சர்க்கரை, இப்போது ரத்தத்தில் இருப்பதல்ல. சில மணி நேரத்துக்கு முன்பு இருந்தது. ராத்திரி முழுவதும் பையில் சேர்ந்த சிறுநீரைக் காலையில் சோதித்தால், ராத்திரி பத்து மணிக்கு ஏறியிருந்த சர்க்கரைக்குக் காலை ஆறு மணிக்கு ஊசி போடுகிறோம் என்று அர்த்தம். அதனால்தான் நல்ல வார்டு சிஸ்டர்கள் "முதல் சிறுநீரைக் கொட்டச் சொல்லு, அரை மணி கழிச்சு வர்றதை எடு" என்று அடித்துச் சொல்வார்கள். ரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். வயதானவர்களுக்கு அந்த வரம்பு இன்னும் மேலே போய்விடும். ஆகவே குழாய் நீலமாக இருந்தால் சர்க்கரை 170-ஆகவும் இருக்கலாம், 40-ஆகவும் இருக்கலாம். நீலம் என்றால் நல்லது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

இதற்கிடையில் மருந்துகளும் பெருகின. டென்மார்க்கில் ஹாகடோர்ன் 1936-இல் புரோட்டமின் சேர்த்த இன்சுலினைக் கொண்டுவந்தார். 1940-களில் என்.பி.எச்., 1950-களின் தொடக்கத்தில் லென்டே. ஒரே பெட்டியில் தெளிந்த குப்பியும் கலங்கல் குப்பியும் வந்து சேர்ந்தன. இரண்டையும் ஒரே சிரிஞ்சில் எடுக்கும்போது தெளிவு முதலில், கலங்கல் பிறகு என்பது அன்றைய மந்திரம். மாற்றி எடுத்தால் கலங்கல் மருந்து தெளிந்த குப்பிக்குள் போய்விடும். அடுத்த நோயாளிக்கு அவசரத்தில் போடும் பிளெயின் இன்சுலின் வேகமாக வேலை செய்யாது. கலங்கல் குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்ட வேண்டும் என்பதும் அப்போது வந்த பாடம்தான். நான் படித்தபோது இந்த உருட்டலுக்கு ஐந்து மார்க். எதற்கு உருட்டுகிறோம் என்பதற்கு மார்க் இல்லை!

நம் பக்கத்தில் என்ன நடந்தது? சென்னையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் தம் மருத்துவமனையை நிறுவினார். பின்னாளில் அது முழுக்க நீரிழிவுக்கான மருத்துவமனையாயிற்று. அந்தப் பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. நர்ஸிங்கில் பட்டப் படிப்பு 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் வந்துவிட்டது. 1972-இல் நீரிழிவு ஆராய்ச்சிக்கென்று அகில இந்திய அளவில் ஆர்.எஸ்.எஸ்.டி.ஐ. என்ற சங்கமும் பிறந்தது. எல்லாம் இருந்தும் ஒரு சாதாரண ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் புதிதாகச் சேரும் ஸ்டாஃப் நர்ஸுக்கு இன்சுலினைப் பற்றிக் கிடைத்த பயிற்சி, அவளுக்கு முந்தைய ஷிஃப்டில் இருந்த அக்கா சொன்னதுதான். அக்கா சரியாகச் சொன்னால் சரி.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம், இதைப் படிக்கும் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1980-களின் கடைசி. கால் விரலில் புண்ணோடு ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் படுத்திருந்தார். காலையில் 20 யூனிட் என்று சீட்டில் எழுதியிருந்தது. அவர் மகன் அமெரிக்காவிலிருந்து வந்தவர், "அங்க கிடைக்கிற நல்ல இன்சுலின் சிஸ்டர், இதையே போடுங்க" என்று ஒரு பெட்டி கொடுத்தார். டாக்டரும் சரி என்றார். நான் எங்கள் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்துப் போட்டேன். காலை ஏழரை மணி.

பத்தரை மணிக்கு வாத்தியாரின் மனைவி ஓடிவந்தார். "ஏம்மா, இவருக்கு வேர்த்துக் கொட்டுது, என்னென்னமோ உளர்றாரும்மா!" போய்ப் பார்த்தால் சட்டை முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ வகுப்புப் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஹவுஸ் சர்ஜன் பையன் நல்ல கெட்டிக்காரன், சர்க்கரை பார்த்துவிட்டு வரும்வரை காத்திருக்காமல் டெக்ஸ்ட்ரோஸை நரம்பில் ஏற்றினான். பத்து நிமிஷத்தில் வாத்தியார் கண் தெளிந்து, "என்ன ஆச்சு, ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?" என்றார். சாயங்காலம் வரை திரும்பத் திரும்பச் சர்க்கரை இறங்கிக்கொண்டே இருந்தது.

நடந்தது இதுதான். நம் ஊரில் அப்போது குப்பிகள் எல்லாம் ஒரு மில்லிக்கு 40 யூனிட். எங்கள் சிரிஞ்சின் கோடுகளும் அந்தக் கணக்குக்குத்தான். அமெரிக்காவில் 1970-களிலேயே ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்று மாறிக்கொண்டிருந்தார்கள். நான் 20 கோடு வரை எடுத்தது அரை மில்லி. அந்தக் குப்பியில் அரை மில்லி என்றால் 50 யூனிட். இரண்டரை மடங்கு! பெட்டியில் 100 என்று பெரிதாகவே அச்சிட்டிருந்தது. நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன், அது எதைச் சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். குப்பியின் பலம் வேறு வேறாக இருக்கும் என்பதை யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அந்த விசாரணையில் ஒருவரும் கேட்கவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

பிறகு நான் டியூட்டராக ஆனபோது இந்தக் குழப்பத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். நான் மட்டும் விழுந்த குழியல்ல அது. இங்கிலாந்தில் பல வருஷம் ஒரு மில்லிக்கு 20, 40, 80 யூனிட் என்று மூன்று பலம் இருந்தது. சிரிஞ்சில் ஒரு மில்லிக்கு 20 கோடு. 20 குப்பி என்றால் ஒரு கோடு ஒரு யூனிட், 40 குப்பி என்றால் இரண்டு, 80 குப்பி என்றால் நான்கு. நோயாளி "எனக்குப் பத்து" என்பார்; பத்துக் கோடா, பத்து யூனிட்டா? இந்தத் தொல்லை தாங்காமல் 1983-இல் நாடு முழுவதும் 100-க்கு மாறினார்கள். நாம் இன்னும் இரண்டையும் வைத்திருக்கிறோம். குப்பிகள் பெரும்பாலும் 40, பேனாக்களும் கார்ட்ரிட்ஜ்களும் 100, சில குப்பிகளும் 100. சிகப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100-க்கு. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவே இறங்காது, டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். இன்று பயிலும் தங்கைமார் ஒன்றை மட்டும் செய்யுங்கள், பேனா கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைக் குத்தி எடுக்கிற பழக்கத்தை எங்கே பார்த்தாலும் நிறுத்துங்கள்.

இன்னொரு வில்லன் எழுத்து. யூனிட் என்பதற்கு ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் போடும் பழக்கம். வேகமாக எழுதினால் அது வட்டமாகி சைபர் போலத் தெரியும், 10 யூனிட் 100 ஆகிவிடும். ஐ.யூ. என்று எழுதினால் ஐ.வி. என்று படித்து நரம்பில் போட்டுவிடுவார்கள். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் எழுதக்கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியல் போட்டபோது இவற்றையும் சேர்த்தது. இங்கிலாந்தில் நோயாளி பாதுகாப்பு முகமை 2010 ஜூனில் ஒரு அவசர அறிக்கை விட்டது. 2003 ஆகஸ்ட் முதல் 2009 ஆகஸ்ட் வரை ஆறு வருஷத்தில் இன்சுலின் அளவு தவறியதாக 3,881 சம்பவங்கள் அவர்களுக்கு வந்திருந்தன. யூனிட்டைச் சுருக்கி எழுதியதால் பத்து மடங்கு மருந்து போய் ஒருவர் இறந்திருந்தார். சாதாரண சிரிஞ்சில் இன்சுலினை அளந்ததால் வேறு மூவர் இறந்திருந்தார்கள். இன்சுலின் சிரிஞ்சு தவிர வேறெதிலும் அளக்காதே, யூனிட் என்று முழுவதும் எழுது, இன்சுலினை எழுதுகிற, எடுக்கிற, போடுகிற எல்லோருக்கும் பயிற்சி கொடு என்று அந்த அறிக்கை உத்தரவிட்டது. என் வாத்தியார் வேர்த்துக் கிடந்த நாளுக்கு இருபது வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு அரசாங்கம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறது.

சாதாரண சிரிஞ்சு என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஐ.சி.யூ. பெண்களுக்காக. பொட்டாசியம் ஏறியவருக்கு டெக்ஸ்ட்ரோஸோடு 10 யூனிட் கொடுப்போம். 100 குப்பியில் அது 0.1 மில்லி. கண்ணுக்கே தெரியாத அளவு. "இவ்வளவு கொஞ்சமாவா இருக்கும்?" என்று சந்தேகப்பட்டு ஒரு மில்லி எடுத்தால் 100 யூனிட். இந்தத் தவறு சர்க்கரை நோயே இல்லாத நோயாளிகளுக்கும் நடக்கலாம்.

நரம்பில் இன்சுலின் ஏற்றுவதும் நாம் புதிதாகக் கற்க வேண்டியிருந்த பாடம். கீட்டோன் ஏறி மயக்கத்தில் வருபவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரே தடவையில் 100 யூனிட், அதற்கு மேலும் போடுவார்கள். 1973, 74 வாக்கில் பிரிட்டனில் ஆல்பர்ட்டி முதலான டாக்டர்கள் மணிக்கு ஐந்து முதல் பத்து யூனிட் போதும் என்று காட்டினார்கள். மருந்து குறைந்தது, நர்ஸின் வேலை பத்து மடங்கானது. மணிக்கொரு முறை சர்க்கரை, பொட்டாசியத்தின் மேல் ஒரு கண், சொட்டின் வேகத்தின் மேல் ஒரு கண். இன்சுலின் பிளாஸ்டிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே கலந்த திரவத்தில் 20 மில்லியைக் குழாய் வழியே ஓடவிட்டுக் கொட்டிவிட்டுத்தான் நோயாளிக்கு இணைக்க வேண்டும். இதை முதன்முதலில் எனக்குச் சொன்னது ஒரு டாக்டரல்ல, வேறொரு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஸ்டாஃப் நர்ஸ்.

பெல்ஜியத்தின் லூவன் நகரில் 2001-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அறுவை சிகிச்சை ஐ.சி.யூ.வில் 1,548 பேர். சர்க்கரையை 80-க்கும் 110-க்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தவர்களில் ஐ.சி.யூ. மரணம் 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறைந்தது. உலகமே அதைப் பின்பற்ற ஓடியது. அங்கே அந்த அளவுகளை மாற்றிக்கொண்டே இருந்தது பயிற்சி பெற்ற நர்ஸ்களின் குழு என்பதை ஓடியவர்கள் கவனித்தார்களா என்பது எனக்குச் சந்தேகம். 2009-இல் 6,104 பேரை வைத்துச் செய்த நைஸ்-சுகர் ஆய்வு வந்தபோது கதை தலைகீழாயிற்று. இறுக்கிப் பிடித்தவர்களில் இறந்தவர்கள் 27.5 சதவீதம், தளர்த்தி விட்டவர்களில் 24.9. கடுமையான தாழ்சர்க்கரை ஒரு பக்கம் 6.8 சதவீதம், மறு பக்கம் 0.5. அதன் பிறகுதான் ஐ.சி.யூ.வில் 140 முதல் 180 வரை போதும் என்ற நிலைக்கு வந்தார்கள்.

சாதாரண வார்டில் நம் பழைய நிறப் பட்டியலுக்கும் கணக்குத் தீர்க்கும் நாள் வந்தது. சைடு ரூமின் ஸ்பிரிட் விளக்கு அணைந்து, விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி வந்துவிட்டாலும், பட்டியல் மட்டும் நிறத்துக்குப் பதில் எண்ணைப் போட்டுக்கொண்டு உயிரோடு இருந்தது. 1997-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் 171 நோயாளிகளைப் பார்த்தார்கள். நால்வரில் மூவருக்கு ஸ்லைடிங் ஸ்கேல்தான். அதை மட்டுமே நம்பியவர்களுக்குச் சர்க்கரை மிக அதிகமாக ஏறும் ஆபத்து மூன்று மடங்கு இருந்தது. 2007-இல் ராபிட்-2 என்ற ஆய்வில் 130 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். நாள் முழுவதும் வேலை செய்யும் அடிப்படை இன்சுலினும் சாப்பாட்டு வேளை இன்சுலினும் சேர்த்துப் பெற்றவர்களில் 66 சதவீதம் பேர் 140-க்குக் கீழே வந்தார்கள். ஸ்கேல் மட்டும் பெற்றவர்களில் 38 சதவீதம். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. நெருப்புப் பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றுவதும் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும் ஒன்றா?

ஆனாலும் ஸ்கேல் போகமாட்டேன் என்கிறது. காரணம், அதைச் சொல்லிக்கொடுக்க அரை நிமிஷம் போதும். அடிப்படை இன்சுலினைப் புரியவைக்க ஒரு மணி நேரம் வேண்டும், அதிலும் எல்லோருக்கும் வேண்டும். சர்க்கரை 90 என்று பார்த்ததும் "இன்னிக்கு ராத்திரி இன்சுலின் வேண்டாம்" என்று நிறுத்திவிடும் இன்டர்னுக்கு வேண்டும். ஊசி போட்டபின் நோயாளியை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் பட்டினி போடும் வார்டு பாய்க்கு வேண்டும். சாப்பாட்டு வண்டி எட்டரைக்கு வருமா ஒன்பதரைக்கு வருமா என்பது இன்சுலின் விஷயம் என்று தெரியாத சமையற்கட்டுக்கு வேண்டும். அந்த வண்டிக்காரரை வகுப்பில் உட்கார வைத்ததற்காக என்னைச் சிலர் கேலி செய்தார்கள். அவரோ அடுத்த வாரமே, "அக்கா, ஊசி போட்டவங்க யாருன்னு சொல்லுங்க, அவங்களுக்கு முதல்ல தட்டு வெச்சிடறேன்" என்று வந்து நின்றார்.

பெரிய ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்து ஸ்லைடு போட்டுக் காட்டிய வகுப்புகளும் நடத்தியிருக்கிறேன். டீயும் பிஸ்கெட்டும் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். மருந்து டிராலிக்குப் பக்கத்தில் நின்று, கையில் இரண்டு குப்பி, இரண்டு சிரிஞ்சு, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு பதினைந்து நிமிஷம் நடத்தியதுதான் நின்றது. நைட் டியூட்டிக்காரர்களை வகுப்புக்குக் கூப்பிடாமல் வகுப்பை நைட் டியூட்டிக்குக் கொண்டுபோனேன். தாழ்சர்க்கரை அதிகம் வருவது விடிகாலையில். அந்த நேரத்தில் விழித்திருப்பவர்கள்தானே படிக்க வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே, நினைவு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழித்து மறுபடி பார், நினைவில்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதே, நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ். இதை ஒரு அட்டையில் எழுதி, குளுக்கோஸோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு டிராலியில் வைத்தோம்.

ஒரு பேனாவை இரண்டு பேருக்குப் போடக்கூடாது, ஊசியை மாற்றினாலும் கூடாது என்பதை 2009-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கையாகவே வெளியிட வேண்டியிருந்தது. ஒரு பேனாவைப் பலருக்குப் போட்ட சம்பவங்கள் அங்கேயே தெரியவந்திருந்தன. பெரிய பணக்கார நாடு, அங்கேயும் அக்கா சொன்னதுதான் பாடம் போலும்.

அந்த வாத்தியாரைப் பற்றிக் கேட்பீர்கள். கால் விரல் ஒன்று போயிற்று, ஆள் பிழைத்தார். அடுத்த சில வருஷங்கள் மாதா மாதம் வெளிநோயாளர் பிரிவுக்கு வருவார். என்னைத் தேடிப்பிடித்து என்னிடம்தான் ஊசி போட்டுக்கொள்வார், அது எனக்கு அப்போது ஏனென்று புரியவில்லை. குப்பியை முதலில் தன் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நாற்பது" என்று சத்தமாகப் படிப்பார். பிறகு என் சிரிஞ்சை வாங்கி அதையும் படிப்பார், "நாற்பது." அதற்கப்புறம்தான் சட்டைக் கையை மடித்துவிடுவார்.